ஞாயிறு ராவு

அகல்யா காணாமல் போய் முப்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கு ஆனந்தனின் மண்டையில் ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்த நிமிடம் அவன் கவலை வேறு. எதிரே லிஃப்ட் கதவு திறந்து நின்றது.

“படியில ஏறலாம் மேடம். எட்டு மாடிதானே? உடம்புக்கு நல்லது.”

“இன்னிக்கு லிஃப்ட்” என்றாள் எழிலரசி.

ஆனந்தன் ஐந்து வருடமாக அவளிடம் வேலை பார்க்கிறான். அதற்கு முன் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினான். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஏழு பேரைத் திணித்தவன்தான். ஆனால் அவன் சீட்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் காற்று வரும். நாலு புறமும் மூடிய இடம் அவனுக்கு ஆகவே ஆகாது. உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடைக்கும், நாக்கு மட்டும் நிற்காமல் ஓடும். இது எழிலரசிக்குத் தெரியும். தெரிந்துதான் எத்தனை மாடி என்றாலும் அவனுக்காகப் பேசாமல் கூடவே படியேறி வருவாள். துப்பறியும் நிறுவனத்தின் ஒரே முதலாளி, ஒரே மூளை, படியேறுவதில் ஒரே துணை.

“இன்னிக்கு இன்னா விசேஷம்?”

“கால் வலி.”

காலையில் பூந்தமல்லி கடைத்தெரு முழுக்க நடந்தபோது இல்லாத கால் வலி. ஆனந்தன் அவள் காலைப் பார்த்தான். எழிலரசி சுவரைப் பார்த்தாள். அவள் யாரையும் நேராகப் பார்த்துப் பேசும் ரகம் இல்லை. அதனால் அவள் பொய் சொல்கிறாளா என்று கண்டுபிடிப்பது சிரமம்.

“வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு.”

ரோஹித் வேகமாக வந்தான். சலவைச் சட்டை, கையில் போன், இரண்டு நாள் தாடி. அகல்யாவின் கணவன். ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய பொறுப்பு. இந்தக் குடியிருப்பின் ஆறாவது மாடியில் வீடு.

“மேல மீட்டிங் ஆரம்பிச்சிருக்கும். ரசாக் சார் ஓசூர்லேர்ந்து இப்பதான் வந்தாராம். தொழுதுட்டு நேரா மொட்டை மாடிக்கு வர்றேன்னார். நடைக்கான பிளான் ஒண்ணுமே அவருக்குத் தெரியாது. முதல்லேர்ந்து சொல்லணும். நீங்களும் வாங்க, ஏதாவது துப்பு கிடைக்கலாம்.”

தெருக்கோடிப் பள்ளிவாசலில் பொழுது சாய்ந்ததும் சொல்லும் மஃரிப் பாங்கு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்துல் ரசாக் குடியிருப்புச் சங்கத்தின் புதுச் செயலாளர். ஆனந்தனுக்கு அவர் யாரென்றே தெரியாது. எட்டாவது மாடிக்கு மேலே இருக்கிறார் என்பதே அவர்மேல் வெறுப்பு வரப் போதுமானதாக இருந்தது.

கதவு மூடியது. ஆனந்தன் கண்ணையும் மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். பழவேற்காட்டுக்கும் வடக்கே, கடல் உள்ளே புகுந்து தங்கும் ஒரு சின்ன வளைகுடா. நீர் இறங்கும் நேரத்தில் நடுவே தரை தெரியும். வழி தெரிந்தவன் பின்னால் வரிசையாக நடந்தால் அக்கரை போய்விடலாம். நீர் ஏறிவிட்டால் நடுவில் இருக்கும் ஓடையில் ஆளே முங்கிவிடுவான். பௌர்ணமி வெளிச்சத்தில் அதைக் கடந்து போகும் ஒரு நடையை இந்தக் குடியிருப்புக்காரர்கள் இருபது பேருக்காக அகல்யா இரண்டு மாதமாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தாள். வழிகாட்டி நஜீர். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர்; அந்தக் கரைக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர்.

வெள்ளிக்கிழமை காலை, பாதையில் மூங்கில் நட்டு அடையாளம் வைப்பதற்காக அகல்யா அங்கே போனாள். ரோஹித்தின் டிரைவர் காரில் காத்திருந்தான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று குப்பத்துக்குள் போனவள் திரும்பவில்லை.

குப்பத்தை விட்டு வெளியே வர ஒரே ஒரு சாலை. டிரைவரும் ரோஹித்தின் நண்பர்கள் இரண்டு பேரும் அந்தச் சாலையில் நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவள் உள்ளேதான் இருக்கிறாள். எந்த வீட்டில் என்று கேட்டால் குப்பம் வாயைத் திறக்கவில்லை.

“நஜீர்தான் அடைச்சு வெச்சிருக்கான்” என்று நேற்றுச் சாயங்காலம் ரோஹித் அவர்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதான். “போலீஸ் வேண்டாம். குடும்ப விஷயம். எங்க வாட்ச்மேன் ஜெயராமன்தான் உங்க நம்பர் கொடுத்தார். எப்படியாவது என் அகல்யாவைக் கண்டுபிடிங்க.”

எழிலரசி எல்லாவற்றையும் கேட்டாள். அவன் போன பிறகு ஆனந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

“மேடம், போட்டோ வாங்கல நீங்க! பொண்ணைத் தேடப் போறோம், மூஞ்சி இன்னா மூஞ்சின்னே தெரியாது!”

“மறந்துட்டேன்” என்றாள். அவள் எதையும் மறந்து அவன் பார்த்ததில்லை.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. நின்றது.

ஆனந்தன் கண்ணைத் திறந்தான். கதவுக்கு மேலே ஐந்து என்ற எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.

“வந்துட்டோமா?”

“நடுவுல நிக்குது” என்றான் ரோஹித். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் குத்தினான். மணியை அமுக்கினான். சிறிது நேரத்தில் கீழே எங்கோ இருந்து கிணற்றுக்குள் பேசுவது போல ஒரு குரல் வந்தது. வாட்ச்மேன் ஜெயராமன்.

“சார்! கரண்ட் பூட்ச்சு சார்! ஜெனரேட்டர்ல டீசல் இல்ல! ஆளுக்குச் சொல்லிகீறேன், வந்துகினே கீறான்!”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தோ... இப்ப வந்துருவான்!”

ஷேர் ஆட்டோக்காரனுக்கு இந்த ‘தோ இப்ப’ நன்றாகத் தெரியும். அவனே தினம் நூறு தடவை சொன்னது. அதற்குக் குறைந்தது முக்கால் மணி நேரம்.

அவன் சுவரோடு சாய்ந்துகொண்டான். தலைக்கு மேலே சின்ன மின்விசிறி ஒன்று கடகடவென்று சுற்றியது. அதைப் பார்த்தபடியே மூச்சை இழுத்து இழுத்து விட்டான். இந்த உலகத்தில் அவனுக்கு இப்போது இருக்கும் ஒரே சொந்தம் அந்த மின்விசிறிதான்.

ரோஹித் போனைத் தூக்கிப் பிடித்தான், தாழ்த்தினான், மூலையில் வைத்துப் பார்த்தான். “சுத்தமா சிக்னல் இல்ல.”

“எனக்கும் இல்லை” என்றாள் எழிலரசி. அவள் தன் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“யாராவது எதையாவது பேசுங்க” என்றான் ஆனந்தன். “பேசலைன்னா நான் செத்துருவேன். பொணத்தோட நிக்க வேண்டி வரும், அப்புறம் இடம் பத்தலைன்னு சொல்லக் கூடாது.”

“என்ன பேசறது?”

“அந்த நடையைப் பத்திச் சொல்லு சார். திறந்த வெளி. காத்து. கடல். அதையே சொல்லு.”

ரோஹித் சொன்னான். நன்றாகவே சொன்னான். அகல்யா கூட்டிய எல்லாக் கூட்டத்திலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவள் யாரோடு போனில் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். எங்கே மூங்கில், எங்கே சேறு இழுக்கும், ஓடையை எந்த இடத்தில் தாண்டினால் முழங்கால் ஆழம், பத்தடி தள்ளினால் கழுத்தாழம், எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

“வெளிக்கடல்ல தண்ணி மத்தியானமே இறங்கிடும். இந்தக் குடாவோட வாய் ரொம்பக் குறுகல். உள்ளே இருக்கிற தண்ணி வடியறதுக்குப் பொழுது சாஞ்சிடும். அதனாலதான் சாயங்காலம் இறங்கறது. நஜீர் குரூப்ல அனுப்பிச்ச வாய்ஸ் மெசேஜே இருக்கு. கேக்கறீங்களா?”

எழிலரசி இருமினாள். “பேட்டரி தீர்ந்துடப் போகுது சார்.”

“பரவாயில்ல.” அவன் போனைத் தட்டினான். கரகரப்பான, சிரித்த முகத்தோடு பேசும் குரல் அந்தப் பெட்டியை நிறைத்தது.

“எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் நஜீர். ஞாயிறு ராவு, பதினாலாம் பிறை. மஃரிப் முடிஞ்சதும் இறங்குறோம். ராத்திரி இஷா பாங்குக்குள்ள எல்லாரும் அக்கரை ஏறிடணும். அதுக்கு மேல தண்ணி நம்ம பேச்சைக் கேக்காது. பழைய செருப்பா போட்டுகிட்டு வாங்க.”

“நாளைக்கு ராத்திரி” என்றான் ரோஹித். “இருபது பேர் கூட்டத்துல அவளையும் கலந்து விட்டு அக்கரைக்குக் கொண்டு போயிடலாம்னு பாக்கறான். நாளைக்கு நான் அங்கே இருப்பேன். கூட நாலு பேர் இருப்பாங்க. அதனாலதான் நான் பதறாம இருக்கேன்.”

ஞாயிறு ராவு.

ஆனந்தனின் காதில் அந்த வார்த்தை மீன் முள் மாதிரி சிக்கியது. ராவு. இன்று காலைதான் எங்கோ கேட்டான்.

பூந்தமல்லி. மெத்தைக் கடை. நஜீர் இல்லை. அவர் மனைவி ஜோயா கல்லாவில் இருந்தாள். கடைக்கு முன்னால் நனைந்த இலவம் பஞ்சு மூட்டையைப் பிரித்து வெயிலில் உலர்த்தியிருந்தாள். தும்மிக்கொண்டே ஆனந்தன் கேட்டான்: “இன்னாக்கா, மூட்டையைக் குளிப்பாட்டினீங்களா?”

“நேத்து சனி ராவு மழை பெஞ்சுதே, தெரியாதா?”

“நேத்து வெள்ளிக்கிழமைக்கா. சனிக்கிழமை ராத்திரி இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள நனைஞ்சுட்டீங்களே!”

ஜோயா சிரித்தாள். “உங்களுக்குப் பகல் முன்னாடி, ராவு பின்னாடி. எங்களுக்கு ராவு முன்னாடி, பகல் பின்னாடி. மஃரிப் ஆயிட்டாலே அடுத்த நாள் பொறந்துடும் தம்பி. வெள்ளி ராவுன்னு நாங்க சொன்னா உங்களுக்கு அது வியாழக்கிழமை ராத்திரி.”

அவன் அடுத்த கேள்வியை வாயில் எடுப்பதற்குள் எழிலரசி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போகலாம் ஆனந்தன். சென்னீர்குப்பத்துல டிராஃபிக் ஆயிடும்.” காலை பத்து மணிக்கு, அலுவலகத்துக்கு அவர்கள் திரும்பும் வழியிலேயே இல்லாத சென்னீர்குப்பத்தில்.

லிஃப்டில் ஆனந்தன் நிமிர்ந்தான். பயம் எங்கோ போயிருந்தது.

“மேடம்! அந்த நஜீர் பாய் ‘ஞாயிறு ராவு’ன்னு சொன்னா...”

எழிலரசி மறுபடி இருமினாள். இந்த முறை பலமாக.

“தண்ணி குடிங்க மேடம். ரோஹித் சார், நீங்க தப்பாப் புரிஞ்சுகினு கீறீங்க! ஞாயிறு ராவுன்னா ஞாயித்துக்கிழமை ராத்திரி இல்ல. ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ராத்திரி! அவங்களுக்கு ராவு முன்னாடி, பகல் பின்னாடி. நாளைக்கு இல்ல சார். இன்னிக்கு! மஃரிப் முடிஞ்சதும்னா இப்ப! இந்த நிமிஷம் உங்க சம்சாரம் தண்ணிக்குள்ள நடந்துகினு கீறாங்க!”

தன் வாழ்நாளில் இப்படி ஒரு துப்பை அவன் தனியாகத் துலக்கியதில்லை. பாராட்டுக்காக எழிலரசியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ரோஹித்தின் முகம் வெளுத்தது. ஒரு நொடி அவன் எதையோ கூட்டிக் கழித்தான். பிறகு சொன்னான்:

“அக்கரையில நம்ம ஆள் ஒருத்தன்கூட இல்லையே.”

ஆனந்தன் தலையை ஆட்டினான். அப்புறம் ஆட்டுவதை நிறுத்தினான். ஏதோ இடித்தது.

“ரோடு வழியா சுத்திப் போனா எண்பது கிலோமீட்டர்” ரோஹித் தனக்குள் பேசுவது போலச் சொன்னான். “இப்பவே பசங்களுக்கு ஒரு போன் போட்டா போதும். குப்பத்துக்குள்ள புகுந்து, கரையிலேயே புடிச்சிடுவாங்க. பாதி வழி போயிருந்தாலும் இழுத்துட்டு வந்துடலாம்.”

“யாரை சார், நஜீரையா?”

“அவளை!”

லிஃப்டுக்குள் மின்விசிறி மட்டும் கடகடத்தது.

புடிச்சிடுவாங்க. இழுத்துட்டு வந்துடலாம். ஆனந்தன் அந்த இரண்டு வார்த்தையையும் நாக்கில் போட்டு உருட்டிப் பார்த்தான். மனைவி தண்ணீரில் இருக்கிறாள் என்று கேட்ட கணவன் முதலில் என்ன சொல்வான்? ஐயோ என்பான். அவளுக்கு நீச்சல் தெரியாதே என்பான். காப்பாத்தணும் என்பான். இவன் சொல்வதைக் கேட்டால் ஆடு வேலி தாண்டிய மாதிரி இருக்கிறது.

நேற்று இவன் வீட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. வாசலில் இரும்புக் கிரில் கதவு. அதன் பூட்டு மாட்டும் கொண்டி வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே இருப்பவரின் கைக்கு எட்டாது. ஆனந்தன் வழக்கம்போல வாயை விட்டிருந்தான்: “இன்னா சார், திருடன் உள்ள கீறான்னு நினைச்சுட்டீங்களா?” ரோஹித் சிரிக்கவில்லை. “பூனைத் தொல்லை” என்றான். பூனைக்கு எதற்கு ஏழு லீவர் பூட்டு என்று ஆனந்தன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

“வாட்ச்மேன்!” ரோஹித் கதவைக் குத்தினான். “யோவ் ஜெயராமன்! கதவை உடைங்கய்யா!”

“தோ சார்! கரண்ட் இன்னும் வரல சார்!”

ரோஹித் கதவின் நடுப்பிளவில் விரல்களை நுழைத்தான். “ஆனந்தன், இந்தப் பக்கம் புடிங்க. ரெண்டு பேரும் இழுத்தா திறந்துடும். ஒரு ஆள் போற சந்து கிடைச்சாலும் நான் கீழ் மாடியில குதிச்சிடுவேன். வாங்க. உங்களுக்கும் மூச்சு முட்டுது இல்ல?”

முட்டியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இந்தக் கதவில் அரை அடி திறந்தாலும் போதும், அவன் குதித்துவிடுவான். கையை நீட்டினான். ஒரு மூச்சு காற்று வாங்கிக்கொள்ள அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான்.

மின்விசிறி சுற்றியது.

கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. சிவப்பு ஐந்து கண் சிமிட்டாமல் எரிகிறது.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் மெல்லத் திரும்பி எழிலரசியைப் பார்த்தான். அவள் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்காத கால்.

கால் வலி. இன்று மட்டும் லிஃப்ட். மறந்துபோன போட்டோ. ரோஹித்துக்கு இவர்கள் நம்பரைக் கொடுத்தது இதே ஜெயராமன். அப்புறம் வியாழக்கிழமை. அன்று மத்தியானம் அவன் ஆவடியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு திரும்பியபோது அலுவலகத்தில் டீ கிளாஸ் ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. எழிலரசி டீ குடிப்பதில்லை. யார் மேடம் வந்தது என்று கேட்டான். யாருமில்லை என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஷேர் ஆட்டோவில் கடைசி ஆள் ஏறி உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரு இம்மி நகர்ந்து இடம் சரியாகிவிடுமே, அந்த மாதிரி எல்லாம் சரியாக உட்கார்ந்தது. எழிலரசிக்குப் போட்டோ தேவைப்படவில்லை.

“இழுங்கய்யா!” என்றான் ரோஹித்.

ஆனந்தன் நீட்டிய கையை மடக்கினான். கதவுக்கு முன்னால், பிளவின் மேல் முதுகை நன்றாக அழுத்தி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“எனக்கு இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல சார்.”

“என்ன?”

“காத்து நல்லா வருது. உக்காருங்க.”

“எழுந்திரு!”

“முட்டி புடிச்சுகிச்சு. மேடத்துக்குக் கால் வலி, எனக்கு முட்டி வலி. எங்க கம்பெனியே அப்படித்தான்.”

எழிலரசி முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள். ஒரு நொடிதான். அது போதுமாக இருந்தது.

ரோஹித் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். ஆனந்தன் அசையவில்லை, பெரிய மேம்பாலத்தின் தூண் மாதிரி உட்கார்ந்திருந்தான். ரோஹித் சுவரை உதைத்தான். கத்தினான். எழிலரசியிடம் திரும்பிக் கையை ஓங்கினான்.

அவள் பின்னால் நகரவில்லை. விரலால் மேல் மூலையைக் காட்டினாள். அங்கே கறுப்பாக ஒரு சின்னக் கண்.

“லிஃப்டுக்குள்ள கேமரா வேணும்னு சண்டை போட்டு வாங்கினது நீங்கதானாமே சார்.”

ஓங்கிய கை இறங்கியது. அதற்குப் பிறகு அவன் கெஞ்ச ஆரம்பித்தான். கல்யாணமான இந்த மூன்று வருடமும் அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா என்றான். காலையில் நானே காரில் ஆபீஸுக்குக் கொண்டு விடுவேன், சாயங்காலம் நானே கூட்டி வருவேன் என்றான். சம்பளத்தைக்கூட அவள் கையால் தொட வேண்டியதில்லை, கடைக்குக்கூட அவள் போக வேண்டியதில்லை, எல்லாம் வீட்டுக்கே வரும் என்றான். சொல்லச் சொல்ல அந்தப் பெட்டி இன்னும் சின்னதாகிக்கொண்டு வருவது போல ஆனந்தனுக்கு இருந்தது. மூன்று வருடம், ஆறாவது மாடி, வெளியே பூட்டு. மின்விசிறியைப் பார்த்தான். அகல்யா எதைப் பார்த்து மூச்சு விட்டாளோ.

தண்ணீரைத்தான் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. இரண்டு மாதமாக இவன் கண் முன்னாலேயே, இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூங்கில் மூங்கிலாக நட்டு வைத்திருக்கிறாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பாதை, ஆழம், நேரம் எல்லாம் இவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தைக்கு மட்டும் அவள் அர்த்தம் சொல்லவில்லை. குரூப்பில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் மகன் வீட்டுக்கு ஓசூர் போயிருந்தார். இன்றைக்குத் திரும்பி வந்து, இந்நேரம் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் போதும்.

ஓ, என்று ஆனந்தன் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். அதற்குத்தான் லிஃப்ட்.

“எனக்கு மூச்சு முட்டுது” என்றான் ரோஹித். சட்டைப் பொத்தானைக் கழற்றினான். “நிஜமா முட்டுது.”

“மொதல்ல அப்படித்தான் சார் இருக்கும்” என்றான் ஆனந்தன். “அப்புறம் மின்விசிறியைப் பாக்கக் கத்துக்குவீங்க.”

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. ரோஹித் மூலையில் குந்தியிருந்தான். எழிலரசி நின்ற இடத்திலேயே, தலையை லேசாகச் சாய்த்து எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனந்தனும் காதைத் தீட்டினான். கடிகாரத்தைப் பார்க்காமல் இவள் எதற்குக் காத்திருக்கிறாள்?

அப்போது கேட்டது. லிஃப்ட் போகும் அந்த நீளக் குழியின் வழியாக, வடிகட்டிய மாதிரி மெலிதாக, தெருக்கோடிப் பள்ளிவாசலின் இஷா பாங்கு.

அது முடியும்வரை எழிலரசி பொறுத்திருந்தாள். பிறகு ஆனந்தனின் தலைக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவை மூன்று தடவை தட்டினாள்.

“போதும் ஜெயராமன் அண்ணே.”

மூன்று எண்ணுவதற்குள் லிஃப்ட் குலுங்கி மேலே ஏறியது. ஆறு. ஏழு. எட்டு. ஆனந்தன் எழுந்து நின்றான். கதவு திறந்ததும் மொட்டை மாடிப் படிக்கட்டிலிருந்து இறங்கிய காற்று அவன் முகத்தில் அடித்தது. அதை அவன் குடித்தான்.

ரோஹித் வெளியே பாய்ந்து போனைக் காதில் வைத்தான். “டேய், கரைக்குப் போங்கடா! குப்பத்துக்குள்ள... என்னது? தண்ணியா? எவ்வளவு தூரத்துக்கு?” அவன் குரல் தேய்ந்தது. குடா நிறைந்துகொண்டிருக்க வேண்டும். நட்ட மூங்கில்கள் ஒவ்வொன்றாக முங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

எழிலரசியின் பையில் போன் சிணுங்கியது. அவள் எடுத்து, ஒலிபெருக்கியைத் தட்டினாள். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியபடி, பின்னால் காற்றின் இரைச்சலோடு.

“எழில், மோகனப்பிரியா பேசறேன். வக்கீல் வேலையில இதெல்லாம் செய்யணும்னு யாருமே சொல்லலையே! அக்கரையில நின்னு நின்னு கொசுக்கடி. பாய் கூட்டிட்டு வந்து சேர்த்துட்டார். முழங்கால் வரைக்கும்தான் நனைஞ்சுது. ஒரு செருப்பு சேத்துல போச்சு. அதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சுகிட்டே இருக்கா. நாங்க கிளம்பறோம்.”

குரல் நின்றது. மேலே மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

ரோஹித் போனைக் காதிலிருந்து எடுத்தான். எழிலரசியைப் பார்த்தான். திறந்த லிஃப்டைப் பார்த்தான். சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான்.

“கரண்ட் போகவே இல்லை” என்றான்.

“மோட்டாருக்குத் தனி சுவிட்ச் சார். விளக்குக்கும் விசிறிக்கும் வேற லைன்.” அவள் குரல் வழக்கம்போலத் தாழ்ந்தே இருந்தது. “விசிறியையும் நிறுத்தியிருக்கலாம். ஆனந்தனுக்கு ஆகாது.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்” என்று ஆனந்தன் முணுமுணுத்தான்.

“சொல்லியிருந்தா பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சிருக்கும்.”



“நீ...” ரோஹித் அவளை நோக்கி ஓர் அடி வைத்தான். “நான்தானே உன்கிட்ட வந்தேன்? காணாமப் போன என் பொண்டாட்டியைக் கண்டுபிடின்னு நான்தானே சொன்னேன்? நீ யாருக்கு வேலை பாக்கறே?”

 பேசுவதற்கு முன்னால் எழிலரசி எப்போதும் தேடும் சுவர் எதிரே இருந்தது. ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள்.

“வியாழக்கிழமை மத்தியானம், ஆபீஸ் சாப்பாட்டு நேரத்துல, அகல்யா என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சாங்க சார். நீங்க வந்தது வெள்ளிக்கிழமை. என் கட்சிக்காரர் அவங்கதான்.”

பிறகு, அவனுக்குச் சரியாகக் கேட்க வேண்டும் என்பது போல, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்:

“அவங்க காணாமப் போகல. போயிட்டாங்க.”